பச்சைச் சரி அடையாளத்தின் விலை: வன்னியில் ஓர் இணையக் கலியாணப் பொருத்தச் சேவை பற்றிய நிகழ்வு ஆய்வு

வன்னியில் கலியாணத் தரகு இன்னும் பெரும்பாலும் கொப்பியில்தான் நடக்கிறது. சாதகக் குறிப்பு, ஒரு படம், தகப்பன் பெயர், ஊர், உள்நாடா வெளிநாடா என்ற ஒரு வரி. இங்கே பேசப்படும் சேவையும் அப்படியொரு கொப்பியிலிருந்து வந்ததுதான். பரந்தன் பக்கத்தில் நீண்டகாலம் தரகு பார்த்த ஒருவரின் மகள், தகப்பனிடம் இருந்த குறிப்புகளை 2023 கடைசியில் இணையத்தில் ஏற்றினார். கேட்டால் காரணம் எளிது. 2009க்குப் பிறகு ஒரே ஊர்ச் சனம் ஒரே ஊரில் இல்லை. கொஞ்சப் பேர் முகாமிலிருந்து திரும்பி வந்தார்கள், கொஞ்சப் பேர் வவுனியாவிலேயே தங்கிவிட்டார்கள், மிச்சப் பேர் கனடா, பிரான்ஸ், சுவிஸ். தகப்பனின் மோட்டார் சைக்கிள் அவ்வளவு தூரம் ஓடாது.

அவரை இங்கே நிறுவனர் என்றே சொல்கிறேன். அவருடைய சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். ஆட்களை இனங்காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன.

தொடங்கும்போது அவரிடம் இருந்த சட்டப் பாதுகாப்பு இரண்டு கடதாசிதான். ஒன்று, பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பெயர்ப் பதிவு. மற்றது, ஓர் இந்தியக் கலியாணத் தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய, ஆங்கிலத்தில் இருந்த பாவனை நிபந்தனைகள். தகராறு வந்தால் சென்னை நீதிமன்றங்களில் தீர்க்கப்படும் என்று அதில் ஒரு வரி இருந்தது. கலியாணத் தளங்களுக்காக இந்திய அரசு 2016-இல் விடுத்த அறிவுறுத்தலுக்கு அமைய நடக்கிறோம் என்று இன்னொரு வரி. கிளிநொச்சியில் இருந்து நடத்தும் சேவைக்கு இவை இரண்டாலும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒருவரும் வாசிக்காததால் ஒருவருக்கும் தெரியவுமில்லை.

சேவைக்கு நல்ல வரவேற்பு இருந்தது. அதற்குப் பெரிய காரணம் ஒரு சின்னப் பச்சைச் சரி அடையாளம். தேசிய அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பியவர்களின் பெயருக்குப் பக்கத்தில் அது விழும். கீழே "சரிபார்க்கப்பட்டவர்" என்று இருக்கும். பின்னால் வந்த தலையிடியில் பாதி அந்த அடையாளத்தால் வந்தது.

முதல் கடிதம்

சேவை தொடங்கிச் சில மாதத்தில் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண் சார்பில் சட்டத்தரணி ஒருவரின் கோரிக்கைக் கடிதம் வந்தது. அவருடைய விபரத்தை ஏற்றியது ரொறன்ரோவில் இருக்கும் தமையன். படம், பிறந்த நேரம், படிப்பு, வேலை செய்யும் இடம், "காலில் ஷெல் காயம், நடப்பதில் பிரச்சினை இல்லை" என்ற ஒரு வரி, எல்லாம் அவர் போட்டதுதான். தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது. யாரோ அந்தப் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைபர் குழு ஒன்றில் போட, அது சுற்றிச் சுற்றி அவர் வேலை செய்யும் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

நிறுவனரின் முதல் பதில், "தமையன்தானே போட்டவர், நாங்கள் போடேல்லை" என்பது. தரகருடைய கொப்பிக்கு அந்தப் பதில் சரி. அங்கே வீட்டுப் பெரியவர் சொன்னால் போதும், பிள்ளையைக் கேட்கிற வழக்கம் இல்லை. இணையத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. கொப்பியைத் தரகர் கக்கத்தில் வைத்திருப்பார், தளத்தை யாரும் பார்க்கலாம்.

எந்தச் சட்டத்தின் கீழ் அந்தக் கடிதம் வந்தது என்பது முக்கியம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறி இருந்தாலும், தரவைக் கையாளுபவர்களுக்கான கடமைகள் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. 2025 மார்ச்சில் வரவேண்டியவையும் தள்ளிப்போயின. இதைப் பிடித்துக்கொண்டு "சட்டம் இன்னும் வரேல்லைத்தானே" என்று சொல்பவர்கள் வவுனியாவில் கொழுத்த சம்பளத்துக்கு ஆலோசனை சொல்லும் ஆட்களிலும் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சட்டத்தரணி அதைத் தொடவே இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தில் ஒருவருடைய மானத்துக்கும் அந்தரங்கத்துக்கும் ஊறு செய்தால் நட்டஈடு கேட்கும் வழி எப்போதோ இருந்து வருகிறது. 2002-இல் குற்றவியல் அவதூறு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டபோதும் இந்தக் குடியியல் வழி அப்படியே இருந்தது. கடிதம் அதில்தான் நின்றது.

2022 சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்போது நிலைமை இன்னும் இறுகும். இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், குற்ற வழக்கு போன்ற விபரங்களை அது தனி வகையாக எடுத்து, கூடிய பாதுகாப்புக் கேட்கிறது. கலியாணக் குறிப்பில் இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதும். சம்மதம் வாங்கினேன் என்று நிரூபிக்கும் சுமை தரவை வைத்திருப்பவரின் தலையில்தான் விழும். மீறலுக்குத் தண்டப்பணம் 1 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு சின்னக் கடையறையில் இரண்டு மடிக்கணினியோடு நடக்கும் சேவைக்கு அது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

விஷயம் நீதிமன்றம் போகவில்லை. பக்கம் அன்றைக்கே அழிக்கப்பட்டது. எழுத்தில் மன்னிப்புக் கொடுக்கப்பட்டது, சட்டத்தரணிக் கூலியும் கட்டப்பட்டது. வைபரில் பரப்பியவர் யாரென்று அந்தப் பெண் தனியாகப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் வந்திருந்த 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஒருவரின் தனிப்பட்ட தகவலைப் பரப்பித் தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. அந்தச் சட்டத்தில் பேச்சுச் சுதந்திரத்தை நெரிக்கிற பகுதிகள் இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆனாலும் இந்த ஒரு பகுதி அவருக்குக் கைகொடுத்தது.

"தனியாள்" என்று யாரைச் சொல்வது

இரண்டாவது விவகாரம் பெரிது. வன்னிக்கே உரியதும்கூட.

முல்லைத்தீவைச் சேர்ந்த ஒருவர் "கலியாணம் ஆகாதவர்" என்று பதிந்திருந்தார். பச்சைச் சரி இருந்தது. வவுனியாவில் ஒரு குடும்பம் பொருத்தம் பார்த்து, நாள் குறித்து, மண்டபத்துக்கு முற்பணமும் கட்டிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் 2008-இல் ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டியவர், ஒரு பிள்ளையும் இருக்கிறது என்று. இயக்கத்தின் (விடுதலைப் புலிகளின்) ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற அந்தக் காலத்தில் அவசர அவசரமாகச் செய்துவைத்த கலியாணங்கள் வன்னியில் நிறைய. பதிவாளர் கந்தோருக்குப் போகாமல், கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டியதோடு முடிந்தவையும் அவற்றில் உண்டு.

கேட்டபோது அவர் சொன்னது, "அது பதிவில்லாத கலியாணம், அதாலை நான் சட்டப்படி தனியாள்" என்று. இதை அவர் மனதறிய நம்பினார் என்றே நினைக்கிறேன். பலர் நம்புகிறார்கள். ஆனால் இலங்கைச் சட்டத்தில் பதிவு என்பது கலியாணத்துக்கு மிகச் சிறந்த சாட்சி, அதுவே கலியாணம் அல்ல. வழமைச் சடங்குகளோடு நடந்த கலியாணத்தைப் பதிவில்லாமலே செல்லும் என்று நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததும் கணக்கில் எடுக்கப்படும். ஆகவே அவர் தனியாள் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலை.

பெண் வீட்டுத் தாயார் நிறுவனருக்கு எடுத்துப் பேசியதை அவர் எனக்கு அப்படியே சொன்னார்: "பிள்ளை, நீங்கள் பச்சைச் சரி போட்டிருக்கிறியள். அதைப் பார்த்துத்தானே நாங்கள் ஓம் எண்டு சொன்னனாங்கள். இப்ப அடையாள அட்டை மட்டும்தான் பார்த்தனாங்கள் எண்டால் என்ன கதை?"

நிறுவனரிடம் அதற்குப் பதில் இல்லை, சட்டத்திடம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளோ சேவையோ விற்பவர் ஏமாற்றக்கூடிய விதத்தில் நடப்பதைத் தடைசெய்கிறது. ஏமாற்ற நினைத்தாரா என்பது அங்கே இரண்டாம் பட்சம். "சரிபார்க்கப்பட்டவர்" என்று எழுதிவிட்டு அட்டையின் படத்தை மட்டும் பார்த்தால், பார்ப்பவர் வேறொன்றை விளங்கிக்கொள்வார் என்பது யாருக்கும் தெரியும். அடையாள அட்டை இலக்கத்திலிருந்து தெரியக்கூடியது பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும், பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருப்பதும்தான். கலியாணம் முடித்தவரா இல்லையா என்பது அதில் இல்லை.

எடுத்து ஒட்டிய நிபந்தனைகளில் "உறுப்பினர் தரும் தகவலுக்கு நாங்கள் எவ்விதத்திலும் பொறுப்பல்ல" என்று ஒரு பந்தி இருந்தது. இணையத்தில் தொழில் தொடங்குகிற எல்லோரும் நம்புவது இந்தப் பந்தியைத்தான். இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று இருப்பது சட்டத்தரணிகள் தவிர அநேகமாக ஒருவருக்கும் தெரியாது. கவனயீனத்தால் வரும் பொறுப்பை ஒரு வரியில் கைகழுவுவதற்கு அது எல்லை போடுகிறது. அந்த வரி நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒரு பக்கம் பச்சைச் சரி போட்டுக் காசு வாங்கிவிட்டு, மறுபக்கம் ஆங்கிலத்தில், தமிழ் மட்டும் வாசிக்கும் தாயாரிடம், நான் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தால் அது நியாயமென்று வாதாடுவது சுலபமில்லை.

கடைசியில் பதிவுக் கட்டணம் முழுதும், மண்டப முற்பணத்தில் பாதியும் நிறுவனர் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பக்கப் பெரியவர்களும் இருந்து பேசித் தீர்த்தது அது. பொய் விபரம் கொடுத்தவர்மேல் ஏமாற்றுக் குற்றத்துக்குப் பொலிசில் முறையிட அந்தக் குடும்பத்துக்கு இடமிருந்தது. அவர்கள் போகவில்லை, பெண்ணின் பெயர் அடிபடும் என்ற பயம்.

இதற்குள் நிறுவனர் தன்னுடைய பட்டியலை ஒருமுறை முழுதாகப் பார்த்தார். "விதவை" என்று பதிந்தவர்களில் சிலருடைய கணவன்மார் காணாமல் ஆக்கப்பட்டவர்கள். மரணச் சான்றிதழ் இல்லை. 2016-இல் திருத்தப்பட்ட மரணங்களைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டத்தின் கீழ் காணாமல் போனமைக்கான சான்றிதழ் ஒன்று எடுக்கலாம். அதை வைத்துச் சொத்தைப் பராமரிக்கலாம், உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கலியாணத்தை அது முடித்துவைப்பதில்லை. மறுமணத்துக்கு மரணச் சான்றிதழோ மாவட்ட நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்போ வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்க அந்தப் பெண்களில் பலர் மனம் ஒப்பமாட்டார்கள் என்பது வன்னியில் இருக்கிற எவருக்கும் விளங்கும். அது கையொப்பம் போட்டு ஒத்துக்கொள்வது போல் ஆகிவிடும். இந்த இடத்தில் தளம் அவர்களை "விதவை" என்று காட்டினால், மாப்பிள்ளை வீட்டுக்கும் பொய், அந்தப் பெண்ணுக்கும் ஆபத்து. நிறுவனர் அவர்களுக்கென்று தனியாக ஒரு தெரிவு வைத்தார்: "கணவரைக் காணவில்லை, சட்ட நிலையை நேரில் சொல்வேன்." இந்திய நிபந்தனைகளில் இப்படியொரு வரி எப்படி இருக்கும்?

நிரல் யாருடையது

மூன்றாவது விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் எல்லாத் தொடக்கநிலைத் தொழிலிலும் இது நடக்கிறது. தளத்தை எழுதிக் கொடுத்தவர் மச்சான் முறையான ஒருவர், வவுனியாவில் இருக்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. சேமிப்பகக் கணக்கு, தளப் பெயர், கடவுச்சொல் எல்லாம் அவர் பெயரில். காசில் கொழுவல் வந்ததும் தளம் இரண்டு நாள் திறக்கவில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச்சொத்துச் சட்டத்தில் கணினி நிரலுக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு, பதிவு தேவையில்லை. பணிப்பின்பேரில் செய்வித்த வேலையாக இருந்தால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவிடத்து, பொருளாதார உரிமை செய்வித்தவருக்கே என்பது அந்தச் சட்டத்தின் நிலைப்பாடு. ஆகவே நிறுவனரின் பக்கம் வாதத்துக்கு இடமிருந்தது. ஆனால் "செய்வித்தேன்" என்பதற்கு வாட்ஸ்அப் குரல்பதிவுகள் தவிர வேறு சாட்சி இல்லை, சாவியும் மற்றவர் கையில். உரிமை இருப்பதும் கணக்கைத் திறக்க முடிவதும் ஒன்றல்ல. மத்தியஸ்த சபையில் வைத்துக் காசுக் கணக்கை முடித்து, உரிமை மாற்றத்தை எழுதிக் கையொப்பம் வாங்கினார்கள். அன்றிலிருந்து எல்லாக் கணக்கும் நிறுவனர் பெயரில்.

பொருத்தம் பார்க்கும் முறைக்குக் காப்புரிமம் எடுக்கலாமா என்றும் கேட்டார். தொழில் செய்யும் முறைகளும் கணித முறைகளும் இலங்கையில் காப்புரிமத்துக்கு வெளியே. பொருத்தம் பத்தும் பார்க்கிற கணக்கு சாத்திரியார்களிடம் நூற்றாண்டுகளாக இருக்கிறது, அதற்கு யாருக்கும் உரிமம் கொடுக்க மாட்டார்கள். பெயருக்கு வர்த்தகக் குறி எடுக்கப் போனபோது, ஊர்ப் பெயரையும் தொழிலையும் அப்படியே சேர்த்து வைத்த பெயர் என்று சட்டத்தரணி தடுத்தார். சேவையை விவரிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம். புதுப் பெயர் ஒன்று வைத்து விண்ணப்பித்தார். கிடைத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

மாற்றியவை

பச்சைச் சரி போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது "அடையாள அட்டை பார்த்தோம்" என்று மட்டும், பார்த்த திகதியோடு இருக்கிறது. அட்டையின் படம் பார்த்து முடிந்ததும் அழிக்கப்படுகிறது, பார்த்தோம் என்ற குறிப்பு மட்டும் மிஞ்சும். என் கணக்கில் இந்தச் சேவைக்குக் கிடைத்த மிகப் பெரிய சட்டப் பாதுகாப்பு இதுதான். கம்பனிப் பதிவோ நிபந்தனைப் பத்திரமோ இதற்குப் பிறகுதான். கொடுத்த வாக்கு சின்னதானால் வழக்கும் சின்னது.

யார் ஏற்றினாலும், சம்பந்தப்பட்ட ஆளுடைய தொலைபேசிக்குத் தமிழில் ஒரு செய்தி போகும். அவர் சம்மதம் என்று அனுப்பும்வரை பக்கம் திறக்காது. இப்படி வாங்கிய சம்மதத்துக்கு எழுத்துக்குரிய மதிப்பை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் தருகிறது, பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்தால். தமையன்மாருக்கு இது பிடிக்கவில்லை. பதிவுகள் குறைந்தன, முறைப்பாடும் குறைந்தது.

உடற்காயம் பற்றிய கேள்வி படிவத்திலிருந்து எடுக்கப்பட்டது. புனர்வாழ்வு பெற்றவரா என்ற கேள்வியும்தான். போருக்குப் பிறகு இயக்கத்தில் இருந்தவர்கள் என்று ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு என்ற பெயரில் முகாம்களில் இருந்து வந்தவர்கள். மாப்பிள்ளை வீடோ பெண் வீடோ கேட்கிற முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை ஒரு தளம் சேர்த்து வைத்திருக்கத் தேவையில்லை. யாராவது சீருடையோடு வந்து கேட்டால், இல்லாததைக் கொடுக்க முடியாது. மற்றபடி தகவல் கேட்டு வருபவர்களிடம் எழுத்தில் தரும்படி சொல்லி, சட்டத்தரணிக்குக் காட்டிவிட்டே பதில் சொல்வது என்று முடிவு. பக்கத்தை அகற்றச் சொல்லிச் சம்பந்தப்பட்டவர் கேட்டால் 24 மணித்தியாலத்துக்குள் அகற்றுவது, காரணம் கேட்பதில்லை.

நிபந்தனைகள் தமிழில் புதிதாக எழுதப்பட்டன. சென்னை போய்க் கிளிநொச்சி வந்தது. நாங்கள் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்ப்பதில்லை, கலியாண நிலையைப் பதிவாளரிடமும் ஊரிலும் நீங்களே விசாரிக்க வேண்டும் என்று முதற் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில்.

பிறகுதான் கம்பனி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு பங்குதாரரோடும் தனியார் கம்பனி தொடங்கலாம். வணிகப் பெயர்ப் பதிவு மட்டும் இருக்கும்போது கடன் நேரே ஆளின் தலையில் விழும். வீட்டில் இதைச் சொன்னபோது தகப்பன், "காணி பேர்மிற் காணிதானே பிள்ளை, அதை ஆர் பறிக்கிறது" என்றாராம். ஓரளவு உண்மை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தில் (பேர்மிற்றில்) கொடுத்த காணியை நீதிமன்றத் தீர்ப்புக்காகக் கைப்பற்றி விற்க முடியாது. ஆனால் உழவு இயந்திரம், வங்கிக் கணக்கு, தாயாரின் நகையை அடகு வைத்து எடுத்த காசு இதெல்லாம் பேர்மிற்றில் இல்லை. கம்பனி இப்போது இருக்கிறது, செயலாளருக்கு ஆண்டுதோறும் கட்டணமும் போகிறது. தன் கையால் செய்த தவறுக்குக் கம்பனி மறைப்பாக வராது என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது.

மிஞ்சியவை

சாதிப் பெட்டி பற்றிய வாக்குவாதம் முடியவில்லை. அதை எடுத்தால் காசு கட்டுகிற பெரியவர்கள் வரமாட்டார்கள் என்பது நிறுவனரின் வாதம். இப்போது அது கட்டாயமில்லாத கேள்வி, அதை வைத்துத் தேட முடியாது. எனக்கு இதில் திருப்தியில்லை, அவருக்கும் முழுத் திருப்தி இருப்பதாகத் தெரியவில்லை.

மற்றது ஐரோப்பா. பாரிசிலும் ஜேர்மனியிலும் இருக்கும் மாப்பிள்ளைகளுக்காகக் கட்டணத்தை யூரோவிலும் போட்டிருந்தார். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, அங்கே இருக்கும் ஆட்களைக் குறிவைத்துச் சேவை கொடுப்பவர் வெளியில் இருந்தாலும் அவரைப் பிடிக்கும். அங்கத்தைய நாணயத்தில் விலை போடுவது குறிவைத்ததற்கு ஓர் அடையாளமாக எடுக்கப்படும். யூரோ விலை எடுக்கப்பட்டுவிட்டது. பாரிசில் இருப்பவர்கள் இங்கே உள்ள சொந்தக்காரர் மூலம் ரூபாயில் கட்டுகிறார்கள். இது மட்டும் போதாது என்று சட்டத்தரணி சொல்கிறார். ஐரோப்பாவுக்குள் ஒரு பிரதிநிதி வைப்பதற்கான செலவை நிறுவனர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை வெளிநாட்டுப் பதிவுகளைப் புதிதாக எடுப்பதில்லை.